ஃபெரெட்டுக்கு முடி கொட்டுகிறதா? குச்சியா, மாத ஊசியா, ஆபரேஷனா?

மன்னார்குடியில் ஓர் அண்ணன், மயிலாடுதுறையில் ஒரு தங்கை, திருவாரூரில் படிக்கும் ஒரு தம்பி. கொஞ்ச நாள் இடைவெளியில் மூன்று பேரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வால்லேர்ந்து முடி கொட்டிக்கிட்டே மேல ஏறுது. அட்ரினல்னு சொல்றாங்க. ஆபரேஷன் பண்ணணுமா, ஊசி போதுமா?" அட்ரினல் என்பது சிறுநீரகங்களை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஹார்மோன் சுரப்பி. நான் மருத்துவர் இல்லை. கும்பகோணத்தில் ஃபெரெட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி) வளர்க்கிறேன். என் மல்லிக்கு இந்த நோய் வந்து, எந்த வழியில் போவது என்று பல நாள் தூக்கமில்லாமல் யோசித்தவன். அந்த யோசனையை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

மல்லிக்கு அப்போது நான்கு வயது. ஒரு மார்கழிக் காலையில் அவள் படுக்கும் பழைய வேட்டித் துணியை உதறினால், சீப்பில் வாரி எடுத்த மாதிரி கொத்தாக முடி பறந்தது. வாலின் அடியைப் பார்த்தேன். தோலில் புண் இல்லை, செதில் இல்லை. வழவழவென்று வெளுத்துக் கிடந்தது. முதலில் காட்டிய இடத்தில் சொறி என்று சொல்லி இரண்டு மாதம் அதற்கான மருந்து கொடுத்தார்கள். முடி இடுப்பு வரை போனது. அடுத்து பார்த்த டாக்டர் ஒரு நிமிடம் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்ச மாதிரி ஒரே அளவுல கொட்டினா, தோலைப் பாக்காதீங்க தம்பி. உள்ளே பாருங்க."

## தேர்வு செய்யும் முன்: இது அட்ரினல்தானா?

ஃபெரெட் நம் காவிரியில் திரியும் நீர்நாய்க்கு உறவு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் கீரி என்றுதான் சொல்வார்கள். கீரி வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால், வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கீரி வேறு குடும்பம், இது வேறு குடும்பம்.

இதன் அட்ரினல் நோய் நாய்க்கு வருவது போன்றதல்ல. நாய்க்கு அட்ரினல் கோளாறு என்றால் பெரும்பாலும் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். ஃபெரெட்டுக்குக் கூடுவது பாலியல் ஹார்மோன்கள். கருத்தடை செய்த பிறகு சினைப்பையும் விதையும் இல்லாததால், மூளையிலிருந்து வரும் தூண்டலை "போதும்" என்று நிறுத்த ஆள் இல்லை. அந்தத் தூண்டல் வருடக்கணக்கில் அட்ரினல் சுரப்பியை உசுப்பிக்கொண்டே இருக்க, சுரப்பி பருத்து, சிலவற்றில் கட்டியாகிறது. ஆகவே நாய்க்குச் செய்கிற கார்டிசால் பரிசோதனையை இதற்கும் செய்து "நார்மல்" என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பணம் வீண். பார்க்க வேண்டியது எஸ்ட்ரடையால், ஆண்ட்ரோஸ்டீன்டையோன், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற மூன்று ஹார்மோன்களும். இவற்றை ஃபெரெட்டுக்கென்று அளந்து சொல்லும் ஆய்வகம் நம் ஊர்ப் பக்கம் இல்லாததால், நடைமுறையில் அறிகுறியும் வயிற்று ஸ்கேனும்தான் வழி. சுரப்பியே ஒரு பச்சைப்பயறு அளவுதான். ஸ்கேன் எடுப்பவருக்குச் சின்னப் பிராணிகளில் கைப்பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அட்ரினலுக்கு அடையாளம் இது: வயது பொதுவாக மூன்றுக்கு மேல். வாலடியில் தொடங்கி இடுப்பு, விலா, முதுகு என்று இரண்டு பக்கமும் சமமாக ஏறும். தலையும் கால்களும் கடைசி வரை முடியோடு இருக்கும். சிலவற்றுக்கு அரிப்பும் உண்டு, அதனால்தான் சொறி என்று தவறாக நினைக்கிறார்கள். கருத்தடை செய்த பெண்ணின் பிறப்புறுப்பு வீங்கும். ஆணுக்கு மறுபடி பாலியல் நடத்தை, அடர்ந்த வாடை.

வால் மட்டும் எலி வால் மாதிரி வழுக்கையாகி, சில வாரத்தில் தானே முளைத்துவிட்டால் அது பருவ உதிர்தலாக இருக்கலாம். செதில், பொருக்கு, ஒரு பக்கம் மட்டும் திட்டு, வீட்டில் மற்ற பிராணிக்கும் உங்கள் கைக்கும் அரிப்பு என்றால் சொறிப்பூச்சி, தெள்ளு, படர்தாமரை பக்கம் பாருங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். மயிலாடுதுறைத் தங்கையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வயித்துல தையல் தழும்பு இருக்காம்மா?" இல்லை. வாங்கிய கடைக்காரர் கருத்தடை ஆனது என்று சொல்லியிருந்தார், ஆனால் ஆகவில்லை. பெண் ஃபெரெட் இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிவிடும். சேராவிட்டால் இணைசேரும் பருவத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடும். அப்போது நெடுநாள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி ரத்தசோகைக்குக் கொண்டுபோகும். முடி கொட்டுவதும் பிறப்புறுப்பு வீக்கமும் அட்ரினல் போலவேதான் இருக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு ஓடுங்கள். அந்தத் தங்கையின் ஃபெரெட்டுக்கு வேண்டியிருந்தது அட்ரினல் சிகிச்சையே அல்ல. பருவத்தை நிறுத்தும் ஊசியும், தேறிய பிறகு கருத்தடையும்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முடி திரும்ப வருமா என்பதை வைத்து மட்டும் தேர்வு செய்யாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். கீழே சொல்லும் எல்லா வழியிலும் முடி வரக்கூடும். மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரையில் கூட வரும். முடி வந்ததும் நோய் போய்விட்டது என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம், உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்.

நான் வைத்த அளவுகோல்கள் இவை. முதலாவது, சிறுநீர் தாராளமாகப் போகிறதா. ஆண் ஃபெரெட்டுக்கு இந்த ஹார்மோனால், சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்கும். அடைப்புக்கு அவகாசம் மணிக்கணக்குதான், நாள் கணக்கு கிடையாது. இரண்டாவது, வயதும் கூட இருக்கிற நோயும். இதே வயதில் கணையக் கட்டியால் சர்க்கரை இறங்குவதும் சகஜம். பின்னங்கால் தள்ளாடுவது, எச்சில் வடிய வாயைக் கையால் சுரண்டுவது, வெறித்துப் பார்ப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். மூன்றாவது, சுரப்பி இடதா வலதா. நான்காவது, எத்தனை முறை எவ்வளவு தூரம் உங்களால் கூட்டிப் போக முடியும். ஐந்தாவது, நம் வெயில்.

கடைசி இரண்டும் வெளிநாட்டுக் கட்டுரைகளில் வராது. டெல்டாவில் இருக்கிற நமக்கு அவைதான் பாதித் தீர்மானம்.

## தோலுக்கடியில் வைக்கும் குச்சி

டெஸ்லோரெலின் என்ற மருந்து. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று நீளமான வெள்ளைக் குச்சி, தோள்பட்டைகளுக்கு நடுவே தடித்த ஊசியால் தோலுக்கடியில் வைப்பார்கள். மருந்து மெல்ல மெல்லக் கசிந்து, மூளையிலிருந்து வரும் தூண்டலையே அடக்கிவிடும். 4.7 மில்லிகிராம் குச்சியை ஃபெரெட்டின் அட்ரினல் நோய்க்குப் பயன்படுத்த அமெரிக்க மருந்துத் துறை 2012இல் இடம் கொடுத்தது.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், 3 மில்லிகிராம் குச்சி வைத்த 15 ஃபெரெட்டுகளில் பிறப்புறுப்பு வீக்கமும் அரிப்பும் இரண்டு வாரத்துக்குள் குறைந்தன. முடி நான்கிலிருந்து ஆறு வாரத்தில் முளைக்கத் தொடங்கியது. சராசரியாக 13.7 மாதம் கழித்து அறிகுறிகள் திரும்பின. 4.7 மில்லிகிராம் குச்சியையும் அறுவையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. குச்சி வைத்தவற்றில் நோய் தலைகாட்டாமல் இருந்த காலம் அறுவைக்குக் குறைவாக இல்லை. இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஆபரேஷன் பயமும், ஆபரேஷன் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்தே குறைந்தன.

மறைவான செலவு என்னென்ன? முதல் சில நாள் இந்த மருந்து தூண்டலைக் கூட்டிவிட்டுத்தான் அடக்கும். முதல் இரண்டு வாரத்தில் வீக்கமோ வாடையோ கூடினால் பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீர் முக்கும் ஆணுக்கு இதை மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வருவது ஆபத்து. அடுத்தது, இது நம் ஊர் மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற பொருளல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்து வரவழைக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பெட்டி ஒரு நாள் பார்சல் அலுவலகத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஐஸ் பொதியோடு அனுப்பச் சொல்லி, வந்த அன்றே போய் வாங்குங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. குச்சி ஹார்மோனை அடக்கும், கட்டியைக் கரைக்கும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஸ்கேன்.

ஐந்து வயதைத் தாண்டியது, சர்க்கரைப் பிரச்சினையும் இருப்பது, வலது சுரப்பி பாதித்தது, பக்கத்தில் அறுவைக்கு ஆள் இல்லாதது ஆகியவற்றுக்கு இதுதான் என் தேர்வு. மல்லிக்கும் இதைத்தான் வைத்தோம்.

## மாத ஊசி

லூப்ரோலைடு. வேலை செய்யும் விதம் குச்சியைப் போலத்தான். இதன் பெரிய வசதி, மனிதர்களுக்குப் புராஸ்டேட் புற்றுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சம்பந்தமான நோய்க்கும் போடும் மருந்து என்பதால் தஞ்சாவூர், திருச்சிப் பெரிய மருந்துக் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மனிதருக்கான மாதக் குப்பியில் 3.75 மில்லிகிராம். ஒரு கிலோவுக்குக் குறைவான ஃபெரெட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 0.1 மில்லிகிராம்தான். ஒரு குப்பியில் முப்பத்தேழு ஊசி அளவு! கலக்கிய மருந்து சீக்கிரம் அடியில் படியும், மிச்சத்தை வைத்திருந்து அடுத்த மாதம் போடுவது நம் இஷ்டத்துக்குச் செய்கிற காரியமில்லை. பிரித்து வைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அளவையும் வீட்டில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மாதா மாதம் போக வேண்டும் என்பதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒரு மாதம் தள்ளிப் போனால் அடக்கம் விட்டுப்போகும். தீபாவளி, பொங்கல், ஐப்பசி மழையில் ரோடு மூழ்குவது எல்லாம் இந்த அட்டவணையில் குறுக்கே வரும்.

குச்சி வந்து சேரும்வரை இடைப்பட்ட காலத்தைத் தாண்ட இது நல்ல பாலம். இந்த நோய்தானா என்று சந்தேகம் இருக்கும்போது, ஒரு ஊசி போட்டு அறிகுறி குறைகிறதா என்று பார்ப்பதற்கும் டாக்டர்கள் பயன்படுத்துவது உண்டு.

## ஆபரேஷன்

கட்டியையே எடுத்து வெளியே போடுவது இது ஒன்றுதான். எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சாதாரண வீக்கமா, புற்றா என்றும் தெரிந்துவிடும். வேறு எந்த வழியிலும் அது உறுதியாகத் தெரியாது.

இடது சுரப்பி கொழுப்புக்குள் தனியாக இருக்கும், பழகிய கை எடுத்துவிடும். நோய் அதிகம் வருவதும் இடதில்தான். வலது சுரப்பி பெருஞ்சிரையோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே கத்தி கொஞ்சம் பிசகினால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம். முழுதாக எடுக்காமல் விட்டால் நோய் திரும்பும். இரண்டையும் எடுத்துவிட்டால் உடலுக்கு ஸ்டீராய்டு சுரக்க ஆள் இல்லாமல் வாழ்நாள் முழுக்க மருந்து கொடுக்க நேரலாம். இடதை நன்றாக எடுத்த பிறகும், மூளைத் தூண்டல் அப்படியே இருப்பதால், பிற்பாடு வலது வீங்குவதும் நடக்கும்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில். மாட்டாஸ்பத்திரி என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று நினைக்காமல் முதலில் அங்கே போன் செய்து, "ஃபெரெட் பார்ப்பீங்களா, ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் இருக்கா, ஸ்கேன் இருக்கா" என்று மூன்றையும் கேளுங்கள். இல்லையென்றால் சென்னை வேப்பேரி, அல்லது சின்னப் பிராணிகளில் பழகிய தனியார் மருத்துவர். இந்த அறுவையை இதற்கு முன் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

சென்னைக்கு ரயிலில் என்றால், முதல் வகுப்பு ஏசியில் முழு அறையைப் பிடித்தால்தான் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. அந்தப் புழுக்கத்துக்கு ஃபெரெட்டை அனுப்பக் கூடாது. அந்த அறை கிடைக்காவிட்டால் ஏசி காரில் ராத்திரிப் பயணம்தான் வழி, அந்த வாடகையையும் தங்கும் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அறுவைக்கு முன் நாய் மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போடாதீர்கள். ஃபெரெட்டுக்கு உணவு மூன்று நான்கு மணி நேரத்தில் குடலைத் தாண்டிவிடும். நீண்ட பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான்கு வயதுக்குள், வேறு நோய் இல்லை, ஸ்கேனில் இடது சுரப்பி தெளிவாகப் பெருத்திருக்கிறது, பழகிய கை கிடைத்திருக்கிறது. இந்த நான்கும் பொருந்தினால் ஆபரேஷன் நல்ல வழி. நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் குச்சிப் பக்கம்தான் நிற்பேன்.

## மெலடோனின்

முடி அழகாக வரும், ஹார்மோன் கட்டி அப்படியே இருக்கும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இது மட்டும் சிகிச்சை ஆகாது. மனிதருக்கான மெல்லும் மாத்திரைகள் சிலவற்றில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்ப்பார்கள். நாய்க்கு நஞ்சு அது, ஃபெரெட்டுக்கும் கொடுக்கக் கூடாது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | குச்சி | மாத ஊசி | ஆபரேஷன் | மெலடோனின் |
|---|---|---|---|---|
| கட்டியை | ஹார்மோனை அடக்கும், கட்டி இருக்கும் | அதேதான் | எடுத்துவிடும் | ஒன்றும் செய்யாது |
| தாங்கும் காலம் | ஒரு வருடத்துக்கு மேல் | ஏறக்குறைய ஒரு மாதம் | நீண்ட காலம், மறு சுரப்பியில் வரலாம் | கொடுக்கும்வரை |
| மறைவான செலவு | குளிர்ப்பெட்டியில் வரவழைத்தல், வருடாவருடம் மறு குச்சி | வீணாகும் மிச்ச மருந்து, மாத அலைச்சல் | பயணம், தங்கல், மயக்க ஆபத்து | நோய் மறைந்ததாகத் தோன்றும் ஏமாற்றம் |
| பொருந்துவது | வயதானவை, வலது சுரப்பி | இடைக்காலம், சந்தேகம் தீர்க்க | இளையவை, இடது சுரப்பி | துணை மட்டும் |

## எந்த வழியானாலும் வெயில்

27, 28 டிகிரிக்கு மேல் ஃபெரெட் திணறும், வியர்வை வழியாகச் சூட்டை விடும் வசதி அதற்கு இல்லை. நமக்கு மே மாதத்தில் நாற்பதை நெருங்கும். முடி இல்லாத உடம்பு குளிர்ந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மின்தடையில் ஏசி நின்றால் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்காது. நான் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றியது, தரையில் ஈரக் கோணி என்று மூன்றும் வைத்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிற நாள் சித்திரை, வைகாசியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம்.

விளக்கையும் கவனியுங்கள். நம் பகுதியில் பகல் நீளம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் மாறும். வீட்டு ட்யூப் லைட் ராத்திரி பதினொன்று வரை எரிந்தால், ஃபெரெட்டுக்கு எப்போதும் கோடைதான், அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனுக்கு ஓய்வே கிடைக்காது. ஏழு மணிக்கு மேல் அதன் கூண்டை இருட்டான அறையில் வைப்பதற்குச் செலவே இல்லை.

## பார்த்துக்கொண்டே இருக்கலாமா

வால் மட்டும் என்றால் ஆறு வாரம் பொறுக்கலாம். அதற்கு மேல் ஏறினால் வேண்டாம். ஆண் ஃபெரெட் என்றால் பொறுமையே கூடாது.

திருவாரூர்த் தம்பியுடையது ஆண். அவர் முடியைப் பற்றித்தான் கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன், "மூத்திரம் எப்படிப் போகுதுப்பா?" இரண்டு நாளாக மூலையில் போய் நின்று முக்குகிறது, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றார். அன்று ராத்திரியே கிளம்பச் சொன்னேன். தஞ்சாவூரில் குழாய் வைத்து மூத்திரத்தை எடுத்தார்கள், கையோடு லூப்ரோலைடு ஊசியும் போட்டார்கள். புராஸ்டேட் வற்ற ஆரம்பித்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள். குச்சியா ஆபரேஷனா என்று அவர் யோசிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

மன்னார்குடி அண்ணனுடையதற்கு ஆறு வயது, சர்க்கரையும் இறங்குகிறது. குச்சி சொல்லி வைத்திருக்கிறார். மல்லிக்கு முதல் குச்சி பதினைந்து மாதம் தாங்கியது. பதினாறாவது மாதம் வாலடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வழுக்கை தெரிந்த அன்றே போன் செய்தேன். இரண்டாவது குச்சி வைத்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று முளை விட்டிருக்கிறது.